இரண்டாவது எண்ணிக்கை

என் கணவரின் கடைசிப் பனிக்காலம் ஒரு பாம்பின் செதில்களை எண்ணுவதில் கழிந்தது. ஆப்பிரிக்க நூல் பாம்புகளில் ஓர் அரிய வகை. நீளம் ஒரு சாண், தடிப்பு சப்பாத்துக் கயிறளவு. உலகத்தில் கிடைத்தவை மூன்றே. மூன்றும் ஓர் அருங்காட்சியகத்தின் போத்தல்களில் இருந்தன. அவற்றில் ஒன்று வேறு இனம் என்பது அவருடைய சந்தேகம். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்தவர். ரொறன்ரோவில் இருபது வருடம் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியவர். ஓர் உயிரையாவது அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டுப் போக விரும்பினார். புற்றுநோய் ஈரலுக்கு வந்திருந்தது.

இந்தப் பாம்பை நிறத்தைக் கொண்டு இனம் பிரிக்க முடியாது. மூக்கிலிருந்து வால் நுனிவரை முதுகின் நடுவரிசையில் எத்தனை செதில் என்று பார்க்க வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணுவது வழக்கம். ஒருவரின் எண் மற்றவருக்குத் தெரியக்கூடாது. அருங்காட்சியகத்தில் வேலை செய்த ஒரு பெண் அனுப்பிய அந்தப் பாம்பின் படங்களைப் பெரிதாக அச்சடித்து, ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் விரித்தார். பத்திரிகையில் பிழை திருத்தியவள் என்பதால் நான் இரண்டாவது ஆள்.

“உது பாம்போ, இடியப்பமோ?” என்றேன்.

“இடியப்பத்துக்கு முள்ளந்தண்டு இல்லையப்பா. எண்ணும்.”

மருந்து மயக்கத்தில் தன் எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டார்: இருநூற்று நாற்பத்தொன்பது. சொன்னது அவருக்கே தெரியாது. நான் மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் இருநூற்று முப்பத்தொன்று. மற்ற இரண்டு பாம்புகளுக்கும் ஏறக்குறைய அதே எண்தான். அப்படியானால் இதுவும் பழைய இனம்தான்.

“என்ன வந்தது?”

அவருடைய எண்ணைச் சொன்னேன். அன்று ஒரு கோப்பை கஞ்சி முழுவதையும் குடித்தார். முடிவை அன்றே அனுப்பினார்.

சில வாரங்களில் அந்தப் பெண் பதில் எழுதினார். போத்தலைத் திறந்து எண்ணியதில் இருநூற்று முப்பத்தொன்று.

நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“நான் பிழை விடுவன். நீர் விடமாட்டீர். ரெண்டு பேருக்கும் ஒரே பிழை வராதப்பா. அவையள் வேறை போத்தலைத் திறந்திட்டினம்.”

போத்தலின் அடையாளத் துண்டைச் சரிபார்க்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். அரைப் பக்கத்துக்கு இரண்டு நாள் பிடித்தது. பிழை பார்க்க என்னிடம் தந்தார். ஒரு காற்புள்ளியை மாற்றினேன்.

“அனுப்பட்டோ?”

“ஓம்” என்றேன்.

பதினொரு காலைகள், கண் திறந்ததும், பதில் வந்ததா என்று கேட்டார். பன்னிரண்டாம் நாள் கண் திறக்கவில்லை.

போத்தல் சரியானதுதான் என்ற பதில், அவர் இறந்து எட்டாம் நாள், எட்டுச்செலவன்று வந்தது. அந்தப் பெண்ணுக்கு உண்மையை எழுதி அனுப்ப எனக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது.