எட்டுப் பெட்டிகளில் நான்கு

மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ ஜெர்மனி போகிற நம் ஊர்ப் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன. வண்டியே இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு எரியும்வரை சாலையைக் கடக்காதீர்கள். நடைபாதையில் கோடு போட்டுப் பிரித்த பகுதி சைக்கிளுக்கு. முதல் வாரத்தில் அதில் நடந்து ஏழு முறை மணியடி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. வீட்டுக் கதவு சாத்தினால் வெளியிலிருந்து திறக்காது, குப்பை கொட்டப் போனாலும் சாவியோடு போங்கள்.

இதெல்லாம் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அவர்களுக்குப் பழகிப்போய், சொல்ல வேண்டும் என்றே தோன்றாத ஒன்று ரயிலைப் பற்றியது. அதை நான் என் மனைவியைத் தொலைத்துக் கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறு நாள் விசாவில் அது நாற்பத்தொன்றாவது நாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால், மியூனிக்கில் நாங்கள் இருவரும் ஜன்னல் வழியாக டிராம் எண்ணிக்கொண்டிருப்போம். அதாவது நான் எண்ணுவேன், அவள் பூண்டு உரிப்பாள். பார்க்கச் சகிக்காமல் மகள், மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் ஏரிக்குப் போய்வரச் சொன்னாள். "ஒரே ட்ரெயின்ப்பா, மாறவே வேண்டாம். கடைசி ஸ்டாப்." இருவருக்கும் ஒரே சீட்டு. அதில் இருவர் பெயரையும் பேனாவால் எழுத வேண்டும். எழுதாத சீட்டு செல்லாது. எழுதினேன். சீட்டு, இரண்டு பாஸ்போர்ட், ஒரே ஒரு போன், எல்லாம் என் தோள்பையில். மனைவியின் போனுக்கு அந்த ஊர் சிம் வாங்கவில்லை. எப்போதும் சேர்ந்துதானே போகிறோம் என்று நான்தான் வேண்டாமென்றேன்.

பள்ளி விடுமுறை என்பதால் நடைமேடையில் நல்ல கூட்டம். ரயில் வந்து நின்றது. எண்ணினேன், எட்டுப் பெட்டி. எங்களுக்கு நேராக வந்த கதவில் மனைவியை மூன்று பைகளோடு ஏற்றினேன். "நீ இங்கயே நில்லு, நான் முன்னாடி போய் இடம் பிடிக்கிறேன்."

"கூட்டத்துல இடிச்சுக்காதீங்க," என்றாள்.

நாற்பத்துநான்கு வருஷமாக எங்கள் பயண முறை இதுதான். அவள் பையோடு நிற்பாள், நான் ஓடிப்போய்த் துண்டு போடுவேன். நடைமேடையோடு முன்னால் ஓடி, ஐந்தாவது கதவில் ஏறினேன். எதிரெதிராக இரண்டு ஜன்னலோர இடங்கள்! ஒன்றில் துண்டை விரித்துவிட்டு, அவளை அழைத்துவர உள்ளேயே பின்னோக்கி நடந்தேன். பெட்டியின் முடிவில் வழி இல்லை. அடைத்த சுவர், அதற்குப் பின்னால் ஓட்டுநர் அறை. நம் ரயிலில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து போகலாம். இங்கே ரயிலின் நடுவில் ஏன் ஓட்டுநர் அறை என்று யோசித்திருக்க வேண்டும். அதற்குள் ரயில் புறப்பட்டுவிட்டது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பின்னால் ஓடலாமா என்று பார்த்தேன். கதவு இருபத்தெட்டு வினாடிதான் திறந்திருந்தது. ஒரே ரயில்தானே, கடைசியில் இருவரும் ஒரே இடத்தில்தான் இறங்கப்போகிறோம் என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண் துண்டைக் காட்டி ஜெர்மனில் ஏதோ கேட்டார். ஆங்கிலத்தில், மனைவி வருகிறாள் என்றேன்.

"நீங்கள் தமிழோ ஐயா?" என்றார். "துண்டைக் கண்டவுடன நினைச்சனான், எங்கட ஆக்கள்தான் எண்டு."

யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் ஜெர்மனியில் இருக்கிறார். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை, பிற்பகல் முறைக்குப் போய்க்கொண்டிருந்தார். எப்படியும் மனைவி இப்போது வரமுடியாது என்பதால் துண்டை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னேன். வழியில் ஒரு நிலையத்தில் ரயில் வெகுநேரம் நின்றது. ஒலிபெருக்கியில் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். பிறகு கிளம்பியது. பெரிய வளைவு ஒன்றில் ரயில் திரும்பியபோது, வழக்கம்போல ஜன்னல் வழியாகப் பெட்டிகளை எண்ணினேன். நான்கு. மறுபடி எண்ணினேன். நான்கு. நான்காவதற்குப் பின்னால் வெறும் தண்டவாளம்.

"அம்மா, இந்த ரயில்ல எட்டுப் பெட்டி இருந்துச்சு."

"ஓம், இப்ப ரெண்டாப் பிரிச்சுப்போட்டாங்கள். இஞ்சை அப்பிடித்தான். முன்பாதி ஒரு இடத்துக்கு, பின்பாதி வேற இடத்துக்கு. உங்கட மனிசி எங்க இருக்கிறா?"

"பின்னாடி."

அவர் சட்டென்று எழுந்தார். "டெலிஃபோன்?"

"அவகிட்ட இல்ல. சீட்டும் இல்ல. பாஸ்போர்ட்டும் இல்ல."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த பெட்டியிலிருந்த சீட்டுப் பரிசோதகரை அழைத்துவந்தார். பரிசோதகர் பின்பாதி ரயிலில் இருக்கும் தன் கூட்டாளிக்குப் போன் செய்தார். இந்தப் பெண்தான் எனக்கும் அவருக்கும் நடுவில்.

"அம்மா என்ன நிறச் சேலை எண்டு கேக்கிறார்."

"நீலம்," என்றேன். "வயசு அறுபத்தெட்டு. உயரம் அஞ்சடி ஒரு அங்குலம். பை மூணு."

"உயரத்தை வச்சுத் தேடேலாது ஐயா."

பரிசோதகர் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். நான் எதிரே இருந்த சட்டை மாட்டும் கொக்கிகளை எண்ணினேன், பதினான்கு. பிறகு அவர் தலையை ஆட்டினார்.

"நீலச் சேலையோட ஒருத்தரும் இல்லையாம்."

ரயில் பிரிந்த நிலையத்தில் அவள் என்னைத் தேடி இறங்கியிருப்பாள். வெகுநேரம் நின்றதே, கட்டாயம் இறங்கியிருப்பாள். பெயர் தெரியாத நிலையம், அவளுக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது, மகளின் எண்ணும் மனப்பாடமில்லை. அந்தப் பெண் என் பக்கம் குனிந்தார்.

"சேலை நீலம்தானோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசித்தேன். காலையில் அவள் கோட்டுப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். ஐந்து பொத்தான். உள்ளே என்ன நிறம் என்று எவ்வளவு முயன்றும் வரவில்லை.

அவர் பரிசோதகரிடம் ஜெர்மனில் படபடவென்று பேசினார். பிறகு என்னிடம், "நிறத்தை விடச் சொல்லிப்போட்டன். சேலை கட்டின வயசான அம்மா எண்டு தேடட்டும். இந்தக் குளிருக்கை எத்தினை பேர் சேலையோட வரப்போகினம்?"

மூன்று நிமிஷம் ஆனது. பரிசோதகர் சிரித்துக்கொண்டே போனை என் கையில் கொடுத்தார்.

"என்னங்க, எவ்வளவு நேரமா இடம் பிடிக்கிறீங்க?"

"நீ எங்க இருக்கே?"

"உள்ளதான். இந்தத் தம்பி நீலம் நீலம்னு ஏதோ தேடிக்கிட்டே ரெண்டு தடவ என்னத் தாண்டிப் போச்சு. நான் அரக்குல்ல கட்டியிருக்கேன். நீலம் நேத்து கட்டினது."

"நீ தப்பான ரயில்ல போய்க்கிட்டு இருக்கே. எறங்காத, அப்படியே இரு."

பக்கத்திலிருந்த பெண் கையை அசைத்தார். "ஐயா, ஐயா! ஏரிக்குப் போறது பின்பாதி. அவ சரியான ரயிலிலதான் இருக்கிறா. துலைஞ்சது நீங்கள்." என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எட்டுப் பெட்டியையும் எண்ணின நீங்கள், மனிசியையும் ஒருக்கா எண்ணியிருக்கலாமே!"

மனைவி கடைசி நிறுத்தத்தில் இறங்கி அங்கேயே உட்கார வேண்டும், நான் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்ப வேண்டும் என்று முடிவானது. சீட்டு என்னிடம் இருப்பதைப் பரிசோதகர் தன் கூட்டாளியிடம் சொல்லிவிட்டார். அந்தப் பெண் ஒரு தாளில் நேரத்தையும் நடைமேடை எண்ணையும் எழுதிக் கொடுத்தார். கீழே F என்ற எழுத்தைப் பெரிதாக எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். "இந்த எழுத்துக்குக் கீழ போய் நில்லுங்கோ. வேற எங்கயும் ஏறாதேங்கோ. ஏறமுதல் ஆரையும் ஒருக்காக் கேளுங்கோ."

ரயில் பிரிந்த நிலையத்துக்குத் திரும்பி வந்து, F எழுத்தின் கீழ் நாற்பது நிமிஷம் நின்றேன். தலைக்கு மேல் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு ஊர்ப் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த ஊருக்குப் போகும் பெட்டிகள் நிற்கும் இடத்தின் எழுத்துகள். மியூனிக்கிலும் இதே பலகை இருந்தது. அங்கே நான் பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் பலகையைப் படியுங்கள். கணவனும் மனைவியும் ஒரே கதவில் ஏறுங்கள். ஆளுக்கொரு போன் வைத்துக்கொள்ளுங்கள், சிம் வாங்க யோசிக்காதீர்கள். சரியான எழுத்தின் கீழ் நின்றும் நான் மூன்று பேரைக் கேட்ட பிறகுதான் ஏறினேன்.

ஏரி நிலையத்தில் அவள் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்று பைகளும் மடியிலும் பக்கத்திலுமாக இருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு மணி நேரமா அசையல. அந்தத் தம்பி கையக் காட்டி இருக்கச் சொன்னதால இருந்தேன்," என்றாள். "முதல்ல சிரிப்பு வந்துச்சு. ரயிலெல்லாம் போயி ஸ்டேஷன் காலியானதும் கொஞ்சம் பயமாயிடுச்சு. நீங்க வராமப் போயிட்டா யார்கிட்ட என்னன்னு கேக்குறது?"

ஏரியை இருபது நிமிஷம் பார்த்தோம். எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம்.

திரும்பும்போது அவள்தான் முதலில் ஏறினாள். நான் அதே கதவில், அவளுக்குப் பின்னால் ஏறினேன். இடமில்லை, நின்றோம். பத்து நிமிஷம் கழித்து நான்கு வரிசை தள்ளி ஓர் இடம் காலியானது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இருவரும் போகவில்லை.