எட்டுக் கம்பியும் என் தம்பட்டமும்

குவைத்தில் அப்பாசியாவில் நாங்கள் குடியிருந்தபோது, வீட்டுக்கு வீடு தனி இன்டர்நெட் எடுப்பவர்களை விவரம் கெட்டவர்கள் என்பார் அத்தா. பக்கத்து ஃப்ளாட் இணைப்பிலிருந்து ஒரு நீளமான கேபிள், ஜன்னல் ஏசியின் இடுக்கு வழியாக எங்கள் அறைக்குள் வரும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஏசி கழுவ வந்தவர், பெட்டியை இழுத்த வேகத்தில் கேபிளையும் அறுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கென்று பார்த்து ஊரில் மாமிக்கு நிக்காஹ். மாமி அத்தாவின் ஒரே தங்கை. லீவு கிடைக்காத அத்தா, கம்ப்யூட்டரிலாவது பார்த்துவிடலாம் என்று ஊரில் காமிராவுக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து பார்த்தால் நெட் இல்லை. பக்கத்து ஃப்ளாட்டும் பூட்டிக் கிடந்தது. கடைகள் திறக்கச் சாயங்காலமாகும். அதற்குள் மாமி மாப்பிள்ளை வீட்டுக்கே போய்விடுவாள்.

அறுந்த முனைகளைச் சீவி, உள்ளே இருந்த எட்டுக் கம்பிகளையும் அத்தா முறுக்கிச் சேர்த்தார். கம்ப்யூட்டரின் பின்னாலிருந்த குட்டி விளக்கு எரியவில்லை. பிரித்து மறுபடியும் சேர்த்தார். ம்ஹூம். “என்னங்க, அங்க ஆரம்பிச்சிருவாங்க” என்று அம்மா பதறினாள். அத்தா கம்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“உனக்குக் கலரெல்லாம் தெரியுமா? எங்கே, சொல்லு பாப்போம்.”

கலரிங்கில் முதல் பரிசு வாங்கியவளிடம் கேட்கிற கேள்வியா இது! எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பச்சைக்குப் பச்சை, பழுப்புக்குப் பழுப்பு, பச்சைக்கோடு போட்ட வெள்ளைக்கு அதே கோடு போட்ட வெள்ளை என்று நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அத்தா முறுக்கி டேப் சுற்றினார். “நல்லாப் பாத்தியா? இது பழுப்புதானே?” என்று நடுநடுவே என்னை மடக்கப் பார்த்தார். நானா மாட்டுவேன்? கடைசிக் கம்பி சேர்ந்ததும் விளக்கு மினுக்கியது. திரையில் கட்டம் கட்டமாக மாமி வந்தாள். அத்தா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

நான் சும்மா இருப்பேனா? ஊருக்குப் போகும்போதெல்லாம், நான் இல்லாவிட்டால் மாமி நிக்காஹை அத்தா பார்த்தே இருக்க முடியாது என்று தம்பட்டம் அடிப்பேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அத்தா மட்டும் “உண்மைதான்” என்பார். மகளுக்குச் செல்லம் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் என் மகன் ஒரு மரம் வரைந்து, இலைக்கெல்லாம் பழுப்பு அடித்துக் கொண்டுவந்தான். பரிசோதித்த கண் டாக்டர், இவனுக்குப் பச்சையும் பழுப்பும் ஒன்றாகத்தான் தெரியும் என்றார். உங்கள் அப்பாவுக்கும் இப்படி உண்டா என்று கேட்டார்.

வெளியே வந்ததும் அத்தாவுக்குப் போன் போட்டேன். உங்களுக்கும் பச்சையும் பழுப்பும் ஒன்றாகத்தான் தெரியுமா என்று கேட்டேன். அத்தா சிரித்தார்.

“அதான் அப்பவே சொன்னேனேம்மா, உண்மைதான்னு.”