என் வலைப்பூவுக்கு வந்த வெளிநாட்டு கோர்ட் உத்தரவு

திருவண்ணாமலையில் சாப்பிட்ட இடங்களைப் பற்றி வலைப்பூவில் எழுதுவது என் பொழுதுபோக்கு. ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் நடத்திய விடுதியில், 'மூலிகைக் கஞ்சி' என்று வெறும் சோறு வடித்த கஞ்சியைக் கொடுத்ததையும் எழுதியிருந்தேன்.

சென்ற மாதம் வலைப்பூ நிறுவனத்திடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த விடுதிக்காரர் தன் நாட்டு கோர்ட்டில் என் பதிவுக்கு எதிராக உத்தரவு வாங்கிவிட்டாராம். அதற்கு மேல் படிக்க எனக்குத் தைரியம் இல்லை. அழுதுகொண்டே ஐந்து வருடப் பதிவுகளையும் மொத்தமாக அழித்துவிட்டேன்.

"என்னைப் புடிச்சினு போயிடுவாங்களாங்க?" என்று கணவரிடம் கேட்டேன்.

"உனக்குத்தான் பாஸ்போர்ட்டே இல்லியே, எப்படிக் கூட்டினு போவாங்க?" என்றார் அவர், நிஜமாகவே யோசித்துவிட்டு.

மறுநாள் வேங்கிக்காலில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் மின்னஞ்சலைக் கடைசிவரை படித்துவிட்டுச் சிரித்தார்.

"அந்த நாட்டுல மட்டும் உங்க பதிவு தெரியாதாம்மா, அவ்ளோதான். அங்க உங்க தமிழை எத்தினி பேரு படிக்கிறாங்க?"

"எங்க நாத்தனார் ஒருத்தங்கதான் சார்" என்றேன்.

நல்லவேளையாக, அழித்த பதிவுகள் குப்பைத்தொட்டிப் பகுதியில் அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் மீட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் தனியாக ஒரு நகல் வைத்துக்கொள்கிறேன். எந்தக் கடிதம் வந்தாலும், கடைசி வரிவரை படித்த பிறகுதான் பயப்படுகிறேன்.

- ஒரு வாசகி, திருவண்ணாமலை