லெட்சுமி அக்கா மிதித்த வீடு

தொண்ணூறுகளில், மலேசியாவின் அலோர் காஜா பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தை வீடமைப்புத் திட்டத்துக்கு விற்றுவிட்டார்கள். எல்லோரும் லயத்தை, தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளை, காலி செய்யவேண்டும். பிரியாவிடை விருந்தில் போட்டுக் காட்ட, நானும் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பன் செல்வமும் ஒரு படம் எடுத்தோம். கதை ஒரு வீடியோ கேமில் இருந்து வந்தது. அதில் ராட்சதப் பல்லி ஒன்று வீடுகளை மிதித்துக்கொண்டே போகும், வேறொன்றும் கிடையாது.

எங்கள் லயத்தையே அட்டையில் செய்தோம். பஞ்சு திணித்த பச்சைக் கால்களை மாட்டிக்கொண்டு நான் மிதித்தேன். எதிர்வீட்டு லெட்சுமி அக்கா பார்த்துக்கொண்டு நின்றதால், அவர் வீட்டை மட்டும் தாண்டிப் போனேன்.

"ஏன் தம்பி, என் வீட்ட மட்டும் விட்டுட்ட?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்க்கா."

"என்ன கஷ்டம்? மழை வந்தா பிள்ளைங்கள மேசைக்கு அடியில படுக்க வச்ச வீடு லா அது. அந்தப் பச்சைக் காலக் கழட்டிக் குடு."

அக்கா கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பச்சைக் கால்களை மாட்டினார். செல்வம் கேமராவைத் தரையோடு வைத்தான். அக்கா சிரிக்கவில்லை. முதலில் கூரையை மிதித்தார். பிறகு சுவர்களை, அட்டை தட்டையாகும்வரை மிதித்தார். செல்வம் "போதும்க்கா" என்றது அவர் காதில் விழவில்லை.

விருந்தில் அந்தக் காட்சிக்குத்தான் கைதட்டல் அதிகம். படத்தில் கால்கள் மட்டுமே தெரிந்ததால், மிதித்தது யார் என்று எங்கள் மூவரைத் தவிர எவருக்கும் தெரியாது. அக்காவும் தட்டினார்.

தோட்டத்தை விட்டுப் போவது எல்லோருக்கும் துக்கம் என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். யாரிடமும் கேட்டதில்லை.