புதுவீட்டுச் சாவிக்கொத்து

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும். அதை அவர் விளையாட்டாகவே சொல்வார்.

"இன்னா, உன் தையல் மெஷினை எடுத்தாந்து என் நெஞ்சுக்குள்ள வெச்சுட்டியா? நிக்காம ஓடுது பாரு."

ஆம்பூரில் நான் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். அவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து சோடா குடித்தால் அடங்கிவிடும் என்பார். ஒருநாள் முகமெல்லாம் வேர்த்து, கண் இருட்டுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். இனி சோடா கதையெல்லாம் வேண்டாம் என்று வேலூருக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க அவர் நெஞ்சில் கருவி ஒட்டிப் பார்த்தார்கள். எப்போதோ வந்துபோன மாரடைப்பின் தழும்பு இதயத்தில் இருக்கிறதாம், அங்கிருந்துதான் இந்த வேகத் துடிப்பு கிளம்புகிறதாம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "இதயம் ரொம்ப வேகமா அடிச்சா உள்ள ரத்தம் நெறயறதுக்கு நேரமே கிடைக்காதும்மா. அடிக்கும், ஆனா ரத்தம் போகாது."

எனக்கு உடனே புரிந்தது. பாபினில் நூல் தீர்ந்துபோனால் மெஷின் அதே வேகத்தில் ஓடும், ஊசி ஏறி இறங்கும், தோலில் ஒரு தையலும் விழாது. அதுதான் இது.

மாத்திரை கொடுத்தார்கள். துடிப்பு தாறுமாறானால் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய, தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவி வைக்க வேண்டும் என்றார்கள். "அண்ணன் வீட்டு கிரகப்பிரவேசம் முடியட்டும்" என்றார் இவர். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "திடீர்னு விழுந்தா, கூப்பிட்டும் முழிக்கலன்னா, மூச்சு சரியா இல்லன்னா, நெஞ்சை அழுத்தணும். கத்துக்கோங்க. பக்கத்துல இருக்கப்போறது நீங்கதான்."

அந்த சனிக்கிழமை பள்ளிகொண்டா பெருமாள் முன்னால் நின்று, என் கைக்குப் பலம் கொடு சாமி என்று கேட்டுக்கொண்டேன். நோயைத் தீர்த்துவை என்றுதான் எப்போதும் கேட்பேன். அன்றைக்கு இதுதான் வாயில் வந்தது.

எங்கள் கம்பெனிக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க ஒரு நர்ஸம்மா வந்தார். கேன்டீன் தரையில் பாதி உடம்பு பொம்மையைப் படுக்க வைத்தார். என் நாத்தனாரும் எங்கள் லைனில்தான் தைக்கிறாள். அவள் சிரித்துச் சிரித்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா அண்ணி, எங்கண்ணனை இப்படித்தான் இடிக்கப்போறியா? ரொம்ப நாள் ஆசையா?"

"ஆமாடி. நீயும் வந்து இடி."

நர்ஸம்மா சிரிக்கவில்லை. நெஞ்சின் நடுவில் ஒரு கைமேல் இன்னொரு கை வைத்து, முழங்கை மடங்காமல், ஆழமாக, வேகமாக அழுத்தச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விட வேண்டும். விலா எலும்பு உடைந்தாலும் நிறுத்தக் கூடாது, எலும்பு கூடிக்கொள்ளும். இன்னொன்றும் சொன்னார். இதயம் நின்றவுடன் சிலருக்குக் கை கால் கொஞ்சம் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று நினைத்துச் சாவியைக் கையில் திணித்துக்கொண்டு நிற்காதீர்கள் என்றார். எங்கள் பக்கத்தில் யார் விழுந்தாலும் அதைத்தானே செய்கிறோம். நான் பொம்மையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. தோள் வலிக்கும்வரை அழுத்தினேன். நாத்தனாரையும் இழுத்து உட்காரவைத்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று பந்தியில் சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாளியோடு சாய்ந்தார். கை கால் இழுத்தது.

"வலிப்புடா! இரும்பு குடு, சாவியக் குடு!"

என்று கத்திக்கொண்டே அவருடைய அண்ணன் ஓடிவந்தார். பூஜைத் தட்டில் குங்குமம் வைத்திருந்த புதுவீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துத் தம்பி கைக்குள் வைத்து இறுக்கினார். அந்த வீட்டில் அவர் சொன்னதுதான். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் முன்னால் குரல் உயர்த்தியதில்லை.

என் வீட்டுக்காரரைத் தட்டிக் கூப்பிட்டேன். முழிக்கவில்லை. மூச்சு இல்லை, தொண்டையில் கர்ரென்று ஒரு சத்தம் மட்டும்.

"நகருங்க மாமா! இது வலிப்பு இல்ல. யாராச்சும் நூத்தியெட்டுக்கு போன் போடுங்க!"

"இன்னாம்மா நீ—" என்று என் தோளைப் பிடித்தார். தட்டிவிட்டேன். நெஞ்சின் நடுவில் கை வைத்து அழுத்த ஆரம்பித்தேன்.

விசேஷத்துக்காகக் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருந்தேன். அவர் நெஞ்சின்மேலேயே உடைந்து சிதறின. பெண்கள் கூட்டம் அலறியது. "ஐயோ, வளையல் உடைஞ்சிருச்சே, போச்சே!" ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து அழவே ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் எப்போது வளையல் உடைப்பார்கள் என்று எனக்கும் தெரியும். உடையட்டும், பெருமாள் பார்த்துக்கொள்வார், என் வேலை அழுத்துவது என்று அழுத்தினேன். கையில் ரத்தம் வந்தது. அது யார் ரத்தம் என்று பார்க்கவில்லை.

தோள் செத்துப்போன நேரத்தில் எதிர்ப்பக்கம் யாரோ மண்டியிட்டார்கள். நாத்தனார். தன் வளையலையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அண்ணி, நீ கைய எடு. நான் அழுத்துறேன்."

மாறி மாறி அழுத்தினோம். ஆம்புலன்ஸ் வந்து அவர் நெஞ்சில் மின்சார அதிர்ச்சி கொடுக்கும்வரை நிறுத்தவில்லை. துடிப்பு திரும்பியது.

இப்போது தோளுக்குக் கீழே கருவியோடு இருக்கிறார். பார்க்கிறவர்களிடமெல்லாம் இரண்டு விலா உடைந்ததைச் சொல்லி, "இத்தினி வருஷக் கோவத்தையும் தீத்துக்கினா" என்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அவர் அண்ணன் வந்தார். என்னை நேரே பார்க்காமல் கேட்டார்: "அந்த பொம்மைக்கார நர்ஸம்மா எங்க வீட்டாண்ட வருவாங்களாம்மா?"

வந்தார். புதுவீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. முதலில் மண்டியிட்டவர் அண்ணன்தான். மடியில் செருகியிருந்த சாவிக்கொத்து குத்தியது போலிருக்கிறது, எடுத்து ஓரமாக வைத்தார்.

"அண்ணா, அத பொம்மை கையில குடுத்துப் பாரு, எழுந்துக்குதான்னு" என்றார் என் வீட்டுக்காரர்.

"வாய மூட்றா" என்றவர், என்னிடம், "கை சரியா இருக்காம்மா?" என்றார்.

"இன்னும் நடுவுல, மாமா. இன்னும் ஆழமா" என்றேன்.