சாப்பிட்ட பிறகு கேட்கும் கேள்வி

நேற்று சிட்னியில் எங்கள் அலுவலகக் கிறிஸ்மஸ் விருந்து. சூடான உருளைக்கிழங்கின் பாரத்தில் கடதாசித் தட்டு நடுவில் வளைந்தது. எல்லோர் கையிலும் அதே தட்டுதான். ஆனாலும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடதாசித் தட்டு என்றால் எனக்கு மெல்பர்னில் படிக்க வந்த முதல் வருடம்தான் நினைவு வரும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில், பொறியியலோடு பழைய கிரேக்கக் கவிதையையும் ஒரு பாடமாக எடுத்திருந்தேன். யாருக்குப் பயன் என்று கேட்காதீர்கள். அந்தப் பாட்டுகளில் கடல் ஒதுக்கிய அந்நியன் ஒருவன் வாசலில் வந்து நிற்பான். கையலம்பத் தண்ணீர் கொடுத்து, இறைச்சியும் வைனும் வைத்து, அவன் வயிறு நிறைந்த பிறகுதான் யார், எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். வந்தவன் தெய்வமாகவும் இருக்கலாம் அல்லவா? உங்கள் நாட்டில் எப்படி என்று ஆசிரியர் கேட்டபோது, எங்களிடமும் அப்படித்தான் என்று எழுந்து நின்று சொன்னேன். எழுந்து நின்றதற்கு வகுப்பே சிரித்தது.

கிறிஸ்மஸ் விடுமுறைக்கு விடுதிச் சமையலறையைப் பூட்டிவிட்டார்கள். பாணும் ஜாமுமாய் நாள் போனது. டிராமில் பழக்கமான யாழ்ப்பாணத்து டாக்டர் அங்கிள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தார். வாசலிலேயே பொரித்த மிளகாய் வாசம். ஞாயிற்றுக்கிழமைகளில் போக இனி ஒரு வீடு உண்டு என்று, கதிரையில் உட்காருமுன்பே முடிவு கட்டிவிட்டேன். மேசையில் பீங்கான் தட்டுகள், எனக்கும் சேர்த்து.

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, அன்ரி, கேட்டார்: "தம்பி ஊரில எவடம்?"

ஊர்ப்பெயரைச் சொன்னேன்.

"அதில எவடம்? கோயிலடியோ?"

"இல்லை அன்ரி, குளத்துக்கு அங்கால."

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சாதி தெரிய அவ்வளவு போதும். அங்கிள் மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். அன்ரி வந்து என் முன்னாலிருந்த பீங்கானை எடுத்துப் போனார். சோறு கடதாசித் தட்டில் வந்தது.

"கழுவுற வேலை மிச்சமெல்லோ" என்றார்.

அவர்கள் பீங்கானில் சாப்பிட்டார்கள். கறி நல்ல ருசி. அதுதான் கஷ்டமாக இருந்தது.

புறப்படும்போது "போட்டு வாறன் அங்கிள்" என்றேன். "ஓம், ஓம்" என்றார். எப்போது என்று கேட்கவில்லை. பிறகு டிராமில் என்னைக் கண்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன மாதம் வேலை விஷயமாக மெல்பர்ன் போனவன், எதற்கென்று தெரியாமல் அந்தத் தெருவுக்கும் போனேன். அவர்கள் லண்டனுக்குப் போய்விட்டார்களாம். வீட்டை இடித்து ஃபிளாட் கட்டியிருக்கிறார்கள். படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த நகரத்தில் என்னைத் தமிழில் வா என்று கூப்பிட்ட வீடு அது ஒன்றுதான் இருந்தது.