வெயிலில் சேலை கட்டமாட்டேன் என்ற என் தங்கச்சி

நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லாத நான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்து கோணலாக வரும். வயதுக்கேற்ற மறதியும் உண்டு. மன்னித்துக்கொள்ளுங்கள். தங்கச்சியை 'அவர்' என்று எழுதவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனால் அவருடைய மகள், "ஊருக்குக் கொடுக்கிற புத்தகம் பெரியம்மா. அம்மா டீச்சர். மரியாதையா எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

தங்கச்சி பிறந்தது கொடகவெலைப் பக்கம், தேயிலையும் றப்பரும் கலந்த எங்கள் தோட்டத்தில், கீழ் லயத்தின், அந்த நீண்ட வரிசை வீட்டின், கடைசிக் காம்பரா அறையில். அவரைப் பெற்றபின் அம்மா எழுந்து நடமாடவில்லை. அம்மா போனதும் நான் புத்தகத்தை வைத்துவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கினேன். அப்பா றப்பர் மரத்தில் பால் வெட்டினார். கலவரத்தில் வெளியிலிருந்து ஆட்கள் வந்து லயத்துக்குத் தீ வைத்தபோது தங்கச்சி சின்னப் பிள்ளை. பட்டப்பகலில் கூரை பற்றி எரிந்தது. கல் வந்து விழுந்துகொண்டே இருந்தது. எங்கள் பெரியப்பா மகன், நாங்கள் பெரியண்ணன் என்று கூப்பிடுபவர், தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு றப்பர் காட்டுக்குள் ஓடினார். அவர் முதுகில் கல் பட்டுச் சட்டை இரத்தமாகி ஒட்டிக்கொண்டது. பிள்ளை மேல் ஒன்றும் படவில்லை. இதை முதலில் எழுதுகிறேன். பின்னால் அவரைப் பற்றி வேறு விதமாகவும் எழுத வேண்டியிருக்கிறது. இந்த நினைவு மலரை அவரும் வாசிப்பார். வாசிக்கட்டும்.

தங்கச்சி நன்றாகப் படித்தார். சிங்களமும் தமிழைப் போலவே பேசுவார். வாய் கொஞ்சம் காரம். எங்கள் லயத்திலிருந்து டீச்சர் வேலைக்குப் போன முதல் பெண் அவர்தான். வேலைக்குப் போன முதல் நாள் பெண்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். பெரியண்ணன் அப்போது தோட்டச் சங்கத் தலைவர். மாலை போட்டு, "பாருங்கடி, நம்ம புள்ள இடுப்புல படங்கு கட்டாம, சேலை கட்டிக்கிட்டுப் போறா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். படங்கு என்றால் கொழுந்து எடுக்கும்போது நாங்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த துணி. செடி குத்தாமல் இருக்க அதைக் கட்டுவோம். அன்றையிலிருந்து அந்தச் சேலை தங்கச்சிக்கு மட்டும் சொந்தமில்லாமல் போய்விட்டது. தோட்டத்துக்கே சொந்தமாகிவிட்டது.

கல்யாணம் ஆனது. மகள் பிறந்தாள். தங்கச்சி புருஷன், என் மச்சான், சீக்கிரமே போய்விட்டார். அதற்குப்பின் தங்கச்சியும் மகளும் என்னோடுதான்.

எங்கள் பக்கத்து வெயில் குளிரில் இருக்கும் நுவரெலியாக்காரர்களுக்குத் தெரியாது. பங்குனி, சித்திரையில் காற்றே நின்றுவிடும். பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை. விசிறி பள்ளிக்கூட அதிபருடைய அறையில் மட்டும். தங்கச்சி வீட்டுக்கு வந்து சேலையை அவிழ்த்தால், கொசுவம் சொருகிய இடத்தைச் சுற்றித் தோல் புண்ணாகி இருக்கும். சந்தன மா பூசிவிடுவேன். ஒரு நாள் வகுப்பு நடக்கும்போதே கர்ப்பமாக இருந்த சின்ன டீச்சர் ஒருவர் மயங்கி விழுந்து, மேசை விளிம்பில் நெற்றி கிழிந்துவிட்டது. தங்கச்சி அவரை மடியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வீட்டுக்கு வந்தபோது முந்தானை முழுக்க இரத்தம்.

"அக்கா, இனிமே வெயில் காலத்துல சேலை கட்டமாட்டேன்" என்றார்.

"என்னடி கட்டுவே?"

"முழங்கை வரைக்கும் கையி, கணுக்கால் வரைக்கும் காலு, பருத்தித் துணி. குனியணும், ஓடணும், காத்து போகணும். டீச்சருக்கு வேற என்ன வேணும்?"

கொழும்புப் பக்கம் டீச்சர்மார் சேலை இல்லாமல் வேலைக்குப் போவதை டிவியில் காட்டிய காலம் அது. மறுநாள் வெள்ளைப் பூப்போட்ட பருத்திச் சல்வாரைப் போட்டு, துப்பட்டாவை, நாங்கள் சால் என்பதை, ஊக்கால் தோளில் குத்திக்கொண்டு, குடையும் பிடித்துப் போனார். நான் கொழுந்து மலைக்குப் போகும் வழி அதுதான். அதனால் பள்ளிக்கூட வாசலில் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

கொழுந்துக்குப் போகும் பெண்கள் நின்றுவிட்டார்கள். "என்னா டீச்சர், சந்தைக்குப் போறீங்களா?" என்றாள் ஒருத்தி. "வெயில் டீச்சருக்கு மட்டும்தான் சுடுமாம். நமக்கு அடிக்கிறது நிலா வெளிச்சம்டி" என்றாள் என்னோடு கொழுந்து எடுக்கும் மாரியாயி.

தங்கச்சி விடவில்லை. "நீங்க மலையில பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கிறீங்க அக்கா. நான் வகுப்புல தூக்கிச் சொருகவா? அதிபரைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் பெரியண்ணன் வந்துவிட்டார். தலைவர் பதவி போய் எத்தனையோ காலம். அதிகாரம் மட்டும் போகவில்லை.

"இது என்னடி கோலம்? வீட்டுக்குப் போயி சேலை கட்டிக்கிட்டு வா."

"வழி விடுங்கண்ணே. மணி அடிச்சிருச்சு."

"நாங்க வெயில்லயும் மழையிலயும் செத்து ஒன்னைய டீச்சராக்குனது இதுக்கா?"

"டீச்சராக்குனீங்கதானே? சேலைக் கடை பொம்மையாக்கலையே?"

பளார் என்று அறைந்தார். தங்கச்சியின் உதடு பல்லில் பட்டுப் பிளந்தது. அதோடு நிற்காமல் சாலைப் பிடித்து முறுக்கினார். ஊக்கு கழன்று கழுத்தில் கீறியது. தங்கச்சி குடையால் அவர் கையில் ஓங்கி அடித்தார். கம்பி வளைந்துவிட்டது. வளைந்த குடையாலேயே திரும்பவும் அடித்தார். கேற்றுக்குள் பிள்ளைகள் அலறினார்கள். அதிபர் அறையை விட்டு வெளியே வரவில்லை. நானும் பெண்களும் சேர்ந்துதான் பிரித்துவிட்டோம். தங்கச்சி வாயில் இருந்த இரத்தத்தைத் துப்பிவிட்டு, அந்தச் சல்வாரோடேயே உள்ளே போய் இடாப்பைத் திறந்து பிள்ளைகள் பெயரைக் கூப்பிட்டார்.

பெரியண்ணன் லயம் லயமாகப் போனார். "அவ சேலை கட்டுற வரைக்கும் பிள்ளைங்கள அனுப்பாதீங்க" என்றார். அவர் சொல்லைத் தட்டுகிறவர்கள் அப்போது இல்லை. தங்கச்சி போய்ப் போய் பிள்ளைகள் உட்காராத வாங்குப் பலகைகளுக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தார். அடிக்கு அழாதவர் அதற்கு அழுதார். "அதுங்க எழுத்து மறந்துருங்கக்கா" என்றார். பிறகு சேலையைக் கட்டினார். பிள்ளைகள் வந்தார்கள்.

சேலையோடு தகரத்துக்குக் கீழே நிற்க முடியாது என்று, வெயில் ஏறியதும் இரண்டாம் வகுப்பைப் பின்பக்கத்துப் பெரிய மரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்துப் படிப்பித்தார். அந்த மரத்தின் உச்சியில் குளவிக் கூடு இருந்தது. யாருக்கும் தெரியாது. பருந்து கொத்தியதோ, காற்றில் கிளை உரசியதோ, கூடு கலைந்துவிட்டது.

குளவி வந்தால் மலையில் நாங்கள் கூடையைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்து படங்கை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வோம். தங்கச்சிக்கும் அது தெரியும். தோட்டத்துப் பிள்ளைதானே. பிள்ளைகளை மண்டபத்துக்குள் விரட்டினார். இரண்டு பெண்பிள்ளைகள் மட்டும் கால் ஓடாமல் மரத்தடியிலேயே நின்று கத்தினார்கள். தங்கச்சி திரும்பி ஓடினார். கொசுவம் காலில் சிக்கி விழுந்தார். எழுந்தார். ஊக்குகளைப் பிய்த்து எறிந்து, சேலையை உருவி, பிள்ளைகள் இருவரையும் கீழே தள்ளி அதனால் சுற்றி மூடி, மேலே படுத்துக்கொண்டார். ஜாக்கெட்டும் உள்பாவாடையும் மட்டும்தான் அவர் உடம்பில் மிச்சம். குளவி அவ்வளவும் அந்த முதுகில்தான் இறங்கியது. மண்டப ஜன்னலில் நின்று பார்த்த டீச்சர்மார் இப்படித்தான் சொன்னார்கள். அந்த இரண்டு பிள்ளைகளும் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள்.

நான் மலையிலிருந்து ஓடி வந்தபோது தங்கச்சியை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முகம் எது, தலை எது என்று தெரியாமல் வீங்கியிருந்தது. உடம்பில் ஒரு பச்சைச் சேலை சுற்றியிருந்தது. அது அவருடையது இல்லை. அவருடையது பிள்ளைகளைச் சுற்றியிருந்தது. பெரியண்ணன் வீட்டு அண்ணியுடையது. சிங்கள ட்ரைவர் "இக்மனட்ட! இக்மனட்ட!" என்று, சீக்கிரம், சீக்கிரம் என்று, கத்திக்கொண்டே இருந்தார். பெரியண்ணன் காலையும் கையையும் மூடி மூடி விட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் தங்கச்சிக்கு ஒரு தடவைதான் நினைவு வந்தது. "பிள்ளைங்க?" என்றார். "நல்லா இருக்குதுங்க" என்றேன். சுற்றியிருந்த சேலையைக் கையால் தள்ளிக்கொண்டே, "எடுங்கக்கா, எரியுது. என்னைய இதுல கட்டாதீங்க" என்றார். பொழுது சாயுமுன் போய்விட்டார். "கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தா..." என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கியது.

வீட்டில் கிடத்தியபோது நானும் அவர் மகளும் தங்கச்சிக்குப் பருத்திச் சல்வாரைத்தான் போட்டோம். பெண்கள் முணுமுணுத்தார்கள். இறந்தவருக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடி, புதுச் சேலை, கொண்டுவருவது எங்கள் வழக்கம். எங்களுக்குக் கூடப் பிறந்த அண்ணன் தம்பி இல்லாததால் பெரியண்ணன்தான் கொண்டுவர வேண்டும். தப்பு மேளம் அடிக்க, சரிகைச் சேலையைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்தார். வாசலில் பார்த்தவுடன் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"டீச்சரை இப்படியா அனுப்புவீங்க? எடுங்கடி அதை" என்று குனிந்து சாலில் கை வைத்தார்.

ஐம்பது பேர் நடுவில் பெரியண்ணன் முகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லாதவள் நான். அன்று என் கை அவர் கன்னத்தில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. அவர் சட்டையைப் பிடித்தேன். கிழிந்தது. தப்பு நின்றுவிட்டது. "தொட்டீங்கன்னா ரெண்டு பொணம் போகும்!" என்று கத்தியது நான்தானாம். மகள் சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. மாரியாயிதான் என் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணே, கோடியை மடிச்சுக் கால்மாட்டுல வைங்க. சுத்த வேணாம்" என்றாள். பெரியண்ணன் அப்படியே செய்தார். தங்கச்சி சல்வாரோடுதான் போனார்.

இந்தத் துன்பத்தில் எங்களுக்கு உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். புகை போட்டுக் குளவியை விரட்டித் தங்கச்சியைத் தூக்கி வந்தவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் என்னோடு உட்கார்ந்திருந்த முஸ்லிம் கடைக்கார அம்மாவுக்கு, குழி வெட்டியவர்களுக்கு, சமைத்துக் கொடுத்த மேல் லயத்தாருக்கு, வருசத் திவசத்துக்கு வரும் எல்லாருக்கும். நெற்றி கிழிந்த சின்ன டீச்சர் நேற்று கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்திருந்தார். பருத்திச் சல்வாரில் வந்திருந்தார். வெயில் காலத்தில் வேறு டீச்சர்மாரும் இப்போது அப்படித்தான் வருகிறார்களாம். வாசலில் யாரும் மறிப்பதில்லையாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். லொறி முதலிலேயே வந்து நின்றது, "இப்படி எப்படிடா ஏத்துறது, மூடுறதுக்கு எதையாவது கொண்டாங்க" என்று பெரியண்ணன் ஆளை வீட்டுக்கு அனுப்பினார், சேலை வரும்வரை லொறி நின்றது என்று மாரியாயி சொல்கிறாள். இல்லை, சேலைதான் முதலில் வந்தது, லொறிக்காகத்தான் காத்திருந்தோம் என்று அண்ணி சாமி மேல் சத்தியம் செய்கிறார். பெரியண்ணனை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எங்கள் வாசலில் வந்து உட்காருகிறார், தேத்தண்ணி கொடுத்தால் குடிக்கிறார், போகிறார். அந்த லொறி ட்ரைவர் கலவானைப் பக்கத்து ஆள் என்கிறார்கள். அவரைத் தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டு, எது முதலில் வந்தது என்று எனக்கு வந்து சொல்லுங்கள். சேலை முதலில் வந்திருந்தால் நான் பெரியண்ணன் காலில் விழ வேண்டும். லொறி முதலில் வந்திருந்தால், அதை அவர் முன்னால் வைத்தே சொல்லுங்கள்.